சூடேற்றப்பட்ட வீட்டு வாகனப்பாதை

சூடேற்றப்பட்ட வீட்டு வாகனப்பாதை என்பது, குளிர்நாடுகளில் வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் இடையே கார் வந்து போவதற்காக அமைக்கப்படும் தளத்தின் அடியில் வெப்பக் குழாய்களையோ மின்கம்பிகளையோ பதித்து, அதன் மேல் விழும் பனியை விழ விழ உருகச் செய்யும் அமைப்பாகும். இந்தப் பாதையை ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'டிரைவ்வே' என்கின்றனர். கனடா, அமெரிக்காவின் வடமாநிலங்கள், ஐசுலாந்து, நார்வே, பின்லாந்து, சப்பான் முதலிய நாடுகளில் இத்தகைய அமைப்புகள் பயன்பாட்டில் உள்ளன. வீட்டுப் படிக்கட்டுகள், நடைபாதைகள், மருத்துவமனை வாயில்கள், சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதைகள், பாலங்கள் ஆகியவற்றிலும் இதே முறை கையாளப்படுகிறது.

தேவை ஏன் எழுந்தது?

பனி பெய்யாத நாட்டில் வாழ்பவர்களுக்குப் பனிப்பொழிவு கண்ணுக்கு அழகான காட்சி. பனி பெய்யும் நாட்டில் அது அன்றாட உழைப்பு. ஓர் இரவில் 10 செ.மீ. பனி பெய்தால், காலையில் வேலைக்குச் செல்வதற்கு முன் வாகனப்பாதையைச் சுத்தம் செய்தாக வேண்டும். அப்படியே விட்டால் காரின் சக்கரங்கள் அதை அழுத்திக் கெட்டிப்படுத்தும். பகலில் சற்றே உருகி இரவில் மீண்டும் உறையும்போது அது கண்ணாடி போன்ற பனிக்கட்டியாகிவிடும். அதன் மேல் கால் வைத்தால் வழுக்கும். முதியவர்களுக்கு இத்தகைய வீழ்ச்சி இடுப்பு எலும்பு முறிவில் முடிவதுண்டு.

பனியை மண்வாரியால் அள்ளுவதும் எளிய வேலை அன்று. 5 மீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமும் உள்ள வாகனப்பாதையின் பரப்பு 50 சதுர மீட்டர். அதில் 10 செ.மீ. உயரத்துக்குப் பனி விழுந்தால் அதன் கன அளவு 5 கன மீட்டர். புதிதாக விழுந்த பனியின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 100 கிலோ என்று கொண்டால் மொத்த எடை 500 கிலோ. ஒருமுறை 5 கிலோ அள்ளுவதாக வைத்துக்கொண்டாலும் நூறு முறை குனிந்து நிமிர வேண்டும். அதுவும் உறையும் குளிரில், உடல் சூடாகும் முன்பே செய்ய வேண்டிய வேலை. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கைகளால் பாரம் தூக்கும்போது இரத்த அழுத்தம் ஏறுகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2017 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, கடும் பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பும் அதனால் ஏற்படும் இறப்பும் கூடுவதாகக் கண்டது. பனி அள்ளுவதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என அந்த ஆய்வாளர்கள் கருதினர்.

டொராண்டோ, ஓசுலோ போன்ற நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இது புதிய அனுபவமாகவே இருந்தது. வெப்ப நாட்டிலிருந்து சென்று முதுமையை எட்டிவிட்ட பெற்றோர், குளிர்காலம் முழுவதும் வாசற்படி இறங்கத் தயங்குவதற்கு இந்த வழுக்கலும் ஒரு காரணம்.

உப்பு தூவுதலும் அதன் எல்லையும்

பனிக்கட்டியை நீக்க மிகப் பரவலாகக் கையாளப்படும் மலிவான முறை உப்பு தூவுவதாகும். தூய நீர் 0 டிகிரி செல்சியசில் உறைகிறது. அதில் உப்பு கரைந்தால் உறைநிலை கீழே இறங்குகிறது. எனவே, உப்புக் கரைசல் 0 டிகிரிக்குக் கீழும் நீர்மமாகவே இருக்கும். ஆனால், வெப்பநிலை ஏறத்தாழ -9 டிகிரிக்குக் கீழே சென்றால் சோடியம் குளோரைடு எனப்படும் சாதாரண உப்பின் வேகம் மிகவும் குறைந்துவிடுகிறது. கால்சியம் குளோரைடு அதைவிடக் கடுங்குளிரிலும் வேலை செய்யும், விலையும் அதிகம்.

உப்பு, பனி உருகியதும் மறைந்து போவதில்லை. அது காரின் அடிப்பகுதி இரும்பை அரிக்கிறது. கான்கிரீட்டின் மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்க்கிறது. ஓரத்துச் செடிகளைக் கருகச் செய்கிறது. கரைந்து ஓடி ஏரிகளிலும் நிலத்தடி நீரிலும் சேர்கிறது. சாலை உப்புகள் சுற்றுச்சூழலுக்குத் தீங்கானவை எனக் கனடா அரசின் மதிப்பீடு 2001 ஆம் ஆண்டில் முடிவு செய்தது. உப்பும் வேண்டாம், மண்வாரியும் வேண்டாம் என்போர் நாடும் வழியே தளத்தைச் சூடேற்றுவது.

வரலாறு

தரைக்கு அடியில் வெப்பத்தைச் செலுத்தும் எண்ணம் பழமையானது. உரோமானியர் தம் குளியல் மாளிகைகளில் தளத்தின் அடியே வெப்பக் காற்றைச் செலுத்தினர். கொரியர் 'ஒண்டோல்' என்னும் முறையில் அடுப்புப் புகையைத் தரையின் அடியில் ஓடவிட்டு அறையைச் சூடாக்கினர். இவையெல்லாம் வீட்டுக்கு உள்ளே அமைந்தவை.

திறந்த வெளியில் சாலையைச் சூடேற்றிய தொடக்க கால முயற்சிகளுள் ஒன்று, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள கிளாமத் ஃபால்சு நகரில் 1948 ஆம் ஆண்டில் நடைபெற்றது. அவ்வூரின் நிலத்தடியில் இயற்கையாகவே வெந்நீர் உண்டு. ஏற்றமான ஒரு சாலைப் பகுதியில் வண்டிகள் வழுக்கியதால், கிணற்றின் வெப்பத்தைக் கொண்டு உறையாத நீர்மம் ஒன்றைச் சூடாக்கி, கான்கிரீட்டில் பதித்த இரும்புக் குழாய்களில் ஓடவிட்டனர். அந்தக் குழாய்கள் ஏறத்தாழ 50 ஆண்டுகள் உழைத்து, துருப்பிடித்துப் பழுதாயின. 1998 ஆம் ஆண்டில் அதே இடத்தில் நெகிழிக் குழாய்களுடன் அமைப்பு புதுப்பிக்கப்பட்டது.

மிச்சிகன் மாநிலத்தின் ஆலந்து நகரில் 1988 ஆம் ஆண்டு முதல், மின் நிலையத்தில் வீணாகும் வெப்பத்தைக் கொண்டு நகர மையத்தின் தெருக்களும் நடைபாதைகளும் சூடேற்றப்பட்டு வருகின்றன. துருப்பிடிக்காத, வளையக்கூடிய குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் குழாய்கள் ('பெக்ஸ்' குழாய்கள்) பரவலான பின்னர் இம்முறை தனி வீடுகளுக்கும் வந்தது.

வகைகள்

வீட்டு வாகனப்பாதையைச் சூடேற்றும் அமைப்புகள் இருவகைப்படும்.

1. வெந்நீர்க் குழாய் முறை. தளத்தின் உள்ளே பெக்ஸ் குழாய் பாம்பு போல வளைந்து வளைந்து பதிக்கப்படுகிறது. குழாய் வரிசைகளுக்கு இடையே பொதுவாக 15 முதல் 30 செ.மீ. இடைவெளி இருக்கும். அதில் நீரும் புரொப்பிலீன் கிளைக்காலும் கலந்த நீர்மம் ஓடுகிறது. வெறும் நீரை விட்டால், அமைப்பு நின்றிருக்கும் நேரத்தில் அது உறைந்து விரிந்து குழாயை உடைத்துவிடும். எனவேதான் கிளைக்கால் சேர்க்கப்படுகிறது. வீட்டின் உள்ளே உள்ள கொதிகலன் இந்த நீர்மத்தைச் சூடாக்க, பம்பு அதைக் குழாய்களில் செலுத்துகிறது. வெப்பத்தைத் தளத்துக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும் நீர்மம் மீண்டும் சூடாகிறது. இது மூடிய சுற்றாகும், நீர்மம் செலவாவதில்லை.

2. மின்கம்பி முறை. மின்தடை கொண்ட கம்பிகள் தனியாகவோ, பாய் போன்ற வலையில் கோக்கப்பட்டோ தளத்துக்குள் பதிக்கப்படுகின்றன. மின்சாரம் பாயும்போது கம்பி சூடாகிறது. மின் இஸ்திரிப்பெட்டியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. கொதிகலனும் பம்பும் தேவையில்லை என்பதால் இதை அமைப்பது எளிது. சிறிய பரப்புக்கும் படிக்கட்டுக்கும் இது ஏற்றது. பெரிய பரப்புக்கு மின்கட்டணம் மிகும்.

இவை தவிர, தேவைப்படும்போது படிகளின் மேல் விரித்துக்கொள்ளும் சூடேறும் இரப்பர் பாய்களும் கிடைக்கின்றன. கான்கிரீட்டையே மின்கடத்தியாக்கும் முயற்சியும் நடந்துள்ளது. அமெரிக்காவின் நெபிராசுகா மாநிலத்தில் உள்ள ரோக்கா என்னும் ஊரின் அருகே, எஃகு இழைகளும் கார்பன் துகள்களும் கலந்த கான்கிரீட்டால் ஒரு பாலத்தின் மேற்தளம் 2002 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதில் மின்சாரம் செலுத்தியபோது தளம் முழுவதுமே சூடாகிப் பனியை உருக்கியது.

அமைப்பின் அடுக்குகள்

மேலிருந்து கீழாகப் பார்த்தால், முதலில் கார் ஓடும் மேற்தளம். இது கான்கிரீட்டாகவோ தாராகவோ பேவர் கற்களாகவோ இருக்கலாம். அதனுள் சில செ.மீ. ஆழத்தில் குழாய் அல்லது கம்பி அமைகிறது. கான்கிரீட்டில் அதை இரும்புக் கம்பி வலையோடு சேர்த்துக் கட்டுவர். அதன் கீழே வெப்பத்தைத் தடுக்கும் காப்புப் பலகை. அதற்கும் கீழே கெட்டிப்படுத்திய சரளைப் படுகை.

காப்புப் பலகையைச் செலவு கருதி விட்டுவிடுவோர் உண்டு. அப்படி விட்டால் வெப்பத்தின் ஒரு பகுதி கீழ்நோக்கி மண்ணுக்குள் சென்று வீணாகும். தளம் சூடேற எடுத்துக்கொள்ளும் நேரமும் நீளும்.

உணரியின் பணி

நல்ல அமைப்பின் மூளை அதன் உணரியாகும். வெப்பநிலையை மட்டும் அளந்தால் போதாது. வானம் தெளிவாக இருக்கும் கடுங்குளிர் நாளில் பனி பெய்யாது. அன்று தளத்தைச் சூடேற்றுவது வீண். ஈரத்தை மட்டும் அளந்தாலும் போதாது. மழை பெய்தாலும் அமைப்பு இயங்கத் தொடங்கிவிடும். எனவே குளிர், ஈரம் ஆகிய இரண்டும் ஒருசேர இருக்கும்போது மட்டுமே இயங்கும்படி உணரி அமைக்கப்படுகிறது. பனி நின்று தளம் உலர்ந்ததும் அமைப்பு தானே நின்றுவிடும்.

இங்கு ஒரு சிக்கல் உண்டு. கான்கிரீட் தளம் கனமானது. குளிர்ந்த நிலையிலிருந்து சூடேறச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் பனி குவிந்துவிடலாம். இதைத் தவிர்க்கச் சில இடங்களில் குளிர்காலம் முழுவதும் தளத்தை உறைநிலையை ஒட்டி வைத்திருப்பர். மருத்துவமனையின் அவசர வாயிலுக்கு இது தேவைப்படலாம். வீடுகளில் இவ்வாறு செய்தால் எரிபொருள் செலவு பெருமளவு ஏறும்.

எவ்வளவு ஆற்றல் தேவை?

பள்ளிப் பாடத்தில் வரும் உள்ளுறை வெப்பம் இங்கு நேரடியாகப் பயன்படுகிறது. 0 டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனிக்கட்டியை அதே 0 டிகிரியில் நீராக மாற்ற 334 கிலோஜூல் வெப்பம் தேவை. முன்னர்க் கண்ட 50 சதுர மீட்டர் பாதையையும் 500 கிலோ பனியையும் எடுத்துக்கொண்டு கணக்கிடலாம். பனியின் தொடக்க வெப்பநிலை -5 டிகிரி எனக் கொள்வோம்.

பனியை -5 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர: 500 x 2.1 x 5 = 5,250 கிலோஜூல்.
பனியை உருக்க: 500 x 334 = 1,67,000 கிலோஜூல்.
உருகிய நீரை 2 டிகிரி வரை சூடாக்க: 500 x 4.2 x 2 = 4,200 கிலோஜூல்.
மொத்தம்: 1,76,450 கிலோஜூல்.

ஒரு கிலோவாட் மணி, அதாவது ஒரு யூனிட் மின்சாரம், 3,600 கிலோஜூலுக்குச் சமம். எனவே பனியை உருக்க மட்டும் ஏறத்தாழ 49 யூனிட் தேவை.

ஆனால் பனி உருகுவதற்கு முன் தளம் சூடாக வேண்டும். 12 செ.மீ. தடிமன் கொண்ட கான்கிரீட் தளத்தின் எடை சுமார் 14,400 கிலோ. கான்கிரீட்டின் தன் வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு டிகிரிக்கு ஏறத்தாழ 0.88 கிலோஜூல். அதை -5 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்குக் கொண்டுவர மேலும் 28 யூனிட் ஆகும். காற்றிலும் மண்ணிலும் இழக்கும் வெப்பத்தையும் சேர்த்தால் ஒரே ஒரு பனிப்பொழிவுக்கு 100 யூனிட் செலவாவது வியப்பன்று.

சதுர மீட்டருக்கு 300 முதல் 500 வாட் வரை திறன் கொண்டதாக இவ்வமைப்புகள் வடிவமைக்கப்படுவது வழக்கம். 400 வாட் எனக் கொண்டால் 50 சதுர மீட்டருக்கு 20 கிலோவாட். இதை 240 வோல்ட்டில் இயக்க 83 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 100 ஆம்பியர் இணைப்பு மட்டுமே உள்ள பழைய வீட்டில் இதைத் தாங்குவது கடினம்.

தள்ளுவதும் உருக்குவதும்

மேற்கண்ட கணக்கோடு இன்னொரு கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதே 500 கிலோ பனியை ஒரு மீட்டர் உயரம் தூக்கி ஓரத்தில் போடத் தேவையான வேலை 500 x 9.8 x 1 = 4,900 ஜூல், அதாவது 4.9 கிலோஜூல். உருக்கத் தேவையானதோ 1,76,450 கிலோஜூல். இது ஏறத்தாழ 36,000 மடங்கு. மனித உடலும் எந்திரமும் தமக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக இழக்கின்றன என்பதைக் கணக்கில் கொண்டாலும் இடைவெளி மிகப் பெரியது. பனியை அப்புறப்படுத்துவதற்கும் உருக்குவதற்கும் உள்ள இந்த வேறுபாடே இத்தொழில்நுட்பத்தின் மீதான முதன்மையான குறையாகும்.

இயற்கை எரிவாயுவில் ஒரு கிலோவாட் மணி வெப்பம் பெறுகையில் சுமார் 0.18 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியாகிறது. 90 விழுக்காடு செயல்திறன் கொண்ட கொதிகலனில் 100 யூனிட் வெப்பம் பெற, ஒரு பனிப்பொழிவுக்கு ஏறத்தாழ 20 கிலோ வெளியாகும். பெட்ரோலில் இயங்கும் பனி ஊதும் எந்திரம் ஒரு லிட்டர் எரித்தாலும் வெளியாவது 2.3 கிலோ அளவே.

இக்காரணத்தால் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ஆஸ்பென் நகரும் அது அமைந்துள்ள பிட்கின் மாவட்டமும் 2000 ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தன. சூடேற்றப்பட்ட வாகனப்பாதை, வெளிப்புற நீச்சல் குளம் போன்றவற்றை அமைப்போர், அந்தக் கூடுதல் ஆற்றலைத் தம் இடத்திலேயே சூரிய ஒளி போன்ற புதுப்பிக்கத்தக்க வழியில் பெற வேண்டும். இல்லையெனில் கட்டணம் செலுத்த வேண்டும். அத்தொகை ஆற்றல் சேமிப்புப் பணிகளுக்குச் செலவிடப்படுகிறது.

வீணாகும் வெப்பத்தைப் பயன்படுத்தல்

எரிபொருளைப் புதிதாக எரிக்காமல், ஏற்கனவே உள்ள வெப்பத்தைப் பயன்படுத்தினால் இக்குறை பெரிதும் நீங்குகிறது.

ஐசுலாந்தில் பத்தில் ஒன்பது வீடுகள் புவிவெப்ப நீரால் சூடாக்கப்படுகின்றன. வீட்டைச் சூடாக்கிவிட்டு வெளியேறும் நீர் அப்போதும் ஏறத்தாழ 35 டிகிரி வெப்பத்துடன் இருக்கும். தலைநகர் ரெய்க்யவிக்கில் அந்த நீரைச் சாக்கடையில் விடுமுன் வாகனப்பாதையின் அடியிலும் நடைபாதையின் அடியிலும் ஓடவிடுகின்றனர். பின்லாந்தின் எல்சிங்கி நகர மையத்தில் சில தெருக்களும் நகரப் பொது வெப்பமூட்டல் வலையமைப்பின் துணையால் பனியின்றி வைக்கப்படுகின்றன.

சுவிட்சர்லாந்தின் டார்லிகன் என்னுமிடத்தில் 1994 ஆம் ஆண்டில், கோடை வெயிலில் சூடாகும் பாலத் தளத்தின் வெப்பத்தைக் குழாய்கள் வழியே பாறைக்குள் சேமித்து, குளிர்காலத்தில் அதே தளத்துக்குத் திருப்பித் தரும் அமைப்பு நிறுவப்பட்டது.

சப்பானின் நீகாட்டா மாநிலத்தில் உள்ள நகாவோகா நகரம் வேறொரு வழியைக் கண்டது. 1960களின் தொடக்கம் முதல் அங்குச் சாலை நடுவே பதித்த குழாய்களின் துளைகள் வழியே நிலத்தடி நீர் தெளிக்கப்படுகிறது. 13 டிகிரி அளவில் உள்ள அந்த நீரே பனியை உருக்கப் போதுமானது. ஆனால் நீரை மிகுதியாக இறைத்ததால் அம்மாநிலத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் குறைந்து, நிலமும் தாழ்ந்தது. இலவசமாகக் கிடைப்பதாகத் தோன்றும் வெப்பத்துக்கும் ஓர் அளவு உண்டு என்பதை இது காட்டியது.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

வடிகால்: உருகிய நீர் போவதற்கு வழி வேண்டும். வழி இல்லையெனில் அது தெருவோரம் வரை ஓடி, சூடில்லாத இடத்தில் மீண்டும் உறைந்து, வழிப்போக்கரை வழுக்கச் செய்யும். வடிகாலின் உட்புறமும் உறையாதவாறு சூடேற்றப்பட வேண்டும்.

சோதனை: கான்கிரீட் போடுவதற்கு முன் குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். மின்கம்பியாயின் அதன் மின்தடையை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். தளம் இறுகிய பின் பழுது தெரிந்தால் உடைத்துத்தான் சரிசெய்ய முடியும்.

பாதுகாப்பு: மின்கம்பி முறையில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி இன்றியமையாதது. உரிமம் பெற்ற மின்பணியாளரே இதை இணைக்க வேண்டும்.

பொறுமை: புதிய கான்கிரீட் இறுகுவதற்கு ஏறத்தாழ 28 நாட்கள் தரப்படுகின்றன. அதற்கு முன் சூடேற்றினால் விரிசல் விழலாம்.

வரைபடம்: குழாய் ஓடும் வழியை அளவுகளோடு வரைந்தும் ஒளிப்படம் எடுத்தும் வைத்துக்கொள்வது நல்லது. பிற்காலத்தில் தளத்தில் துளையிட நேர்ந்தால் அது உதவும்.

ஏற்கனவே உள்ள தளத்தில் இவ்வமைப்பைச் சேர்ப்பதற்குப் பெரும்பாலும் தளத்தையே பெயர்க்க வேண்டியிருக்கும். எனவே புதிய தளம் போடும்போதே முடிவெடுப்பது சிக்கனமானது.

யாருக்கு ஏற்றது?

முழுப் பாதையையும் சூடேற்றுவது ஒன்றே வழி என்பதில்லை. கார்ச் சக்கரங்கள் செல்லும் இரு பட்டைகளை மட்டும், ஒவ்வொன்றும் சுமார் 60 செ.மீ. அகலத்தில், சூடேற்றும் முறையும் உண்டு. 10 மீட்டர் நீளப் பாதையில் இதன் பரப்பு 12 சதுர மீட்டர் மட்டுமே. முன்னர்க் கண்ட 50 சதுர மீட்டரோடு ஒப்பிட்டால் தேவைப்படும் திறன் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

சமமான பாதையும் பனி அள்ளும் உடல்நலமும் உள்ள வீட்டுக்கு இது பெரும்பாலும் வசதிப் பொருளே. செங்குத்தான சரிவில் அமைந்த வீடு, இதய நோயாளியோ தனித்து வாழும் முதியவரோ உள்ள வீடு, சக்கர நாற்காலியில் வெளியே வர வேண்டியவர் வாழும் வீடு ஆகியவற்றுக்கு நிலைமை வேறு. அங்கே வாசற்படியும் சரிவுப் பாதையும் பனியின்றி இருப்பது, குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் அடைபடாமல் வெளியுலகோடு தொடர்பில் இருப்பதற்கான தேவையாகிறது. அத்தகைய வீடுகளிலும், தேவையான இடத்தை மட்டும் சூடேற்றி, காப்புப் பலகையும் உணரியும் பொருத்தினால் ஆற்றல் செலவைப் பெரிதும் கட்டுப்படுத்தலாம்.